ஒரு குடும்பத்துக்கு ஒன்றுதான்

என் தங்கை வீட்டு மளிகை அலமாரியை முதன்முதலில் எனக்குத் திறந்து காட்டியவள் என் அம்மா. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தங்கை காட்டியிருந்தால்கூட சரி, பீற்றிக்கொள்கிறாள் என்று நினைத்துவிட்டுப் போயிருப்பேன். அம்மா இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் விரியத் திறந்து, ஓரமாக ஒதுங்கி நின்று, "பாத்துக்கோ" என்றாள். மேல் தட்டில் சோப்பும் பற்பசையும். அதற்குக் கீழே எண்ணெய். அதற்கும் கீழே பருப்பு, பயறு, ரவை, வெல்லம். "எல்லாம் ஆஃபர்ல வாங்கனது. ஒண்ணுகூட முழு வெலைக்கு வாங்கல நாங்க" என்றாள்.

நாங்க. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? என் வீட்டில் பல மாதம் இருந்தாளே, ஒரு நாளாவது எதையாவது காட்டி "நாங்க" என்று சொல்லியிருப்பாளா? "உன் வூட்டு ஃபேன்", "உன் வூட்டு டிவி" என்றுதான் சொல்வாள்.

நாங்கள் இரண்டே பெண்கள். நான் மூத்தவள். பெரிய காஞ்சிபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடை என்றால் வீட்டின் முன்அறைதான். பட்டுக்கடையில் கல்யாணப் புடவை எடுத்த கையோடு பிளவுஸ் தைக்கவும், முந்தானை நுனியில் குஞ்சம் முடியவும் என்னிடம் வருவார்கள். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் தலை வாரக்கூட நேரம் இருக்காது. என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். பையன் ஹாஸ்டலில் படிக்கிறான், அதனால் ஓர் அறை சும்மா கிடக்கிறது. தங்கை பிள்ளையார்பாளையத்தில் தறிச்சத்தம் கேட்கிற ஒரு தெருவில் வாடகைக்கு இருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கு ஆட்டோ. ஓடினால் காசு, ஓடாவிட்டால் இல்லை.

அம்மா பக்கத்துக் கிராமமான கூரத்தில் இருந்தாள். ஊரார் நிலத்தில் நாற்று நட்டும் களை எடுத்தும்தான் எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தாள். அப்பா போன பிறகு, ஒரு மழையில் வீட்டின் பின்சுவர் உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கே நான் போய் அவளையும் அவள் டிரங்குப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? மூத்தவள் நான் இருக்கிறேன், தனி அறை இருக்கிறது, கட்டில் இருக்கிறது.

என் வீட்டில் அம்மாவை நான் ஒரு துடைப்பத்தைத் தொட விட்டதில்லை. பாத்திரத்தில் கை வைத்தால் பிடுங்கிவிடுவேன். "ஒக்காரும்மா. நீ செஞ்சது போதும், இனிமே ஒக்காந்து சாப்பிடு" என்பேன். கடைக்கு வருகிறவர்கள் காதில் விழும்படி சத்தமாகவே சொல்வேன். எங்கள் சனத்தில் கொஞ்சம் தலையெடுத்த பிள்ளைகள் எல்லாரும் இதைத்தான் செய்கிறோம். அடுத்தவன் வயலில் குனிந்தே இருந்தவளை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்துவிட வேண்டும். அதைவிடப் பெரிய மரியாதை எங்களுக்குத் தெரியாது. அம்மாவும் உட்கார்ந்தாள். ஒரு முறை, "அரிசியில கல்லு பொறுக்கி வெக்கட்டா?" என்று கேட்டாள். "இப்பல்லாம் அரிசியில கல்லே வர்றதில்லம்மா" என்றேன். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

தங்கை பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒத்தாசைக்குப் போனவள்தான். இரண்டு நாளில் வருகிறேன் என்று மாற்றுப் புடவை ஒன்று மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். காய்ச்சல் விட்டது, அம்மா வரவில்லை. போன் போட்டால், "இந்த ஞாயித்துக்கெழம ஆஃபர் முடியட்டும், வரேன்" என்றாள். ஆஃபராம்! வாழ்நாளில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. அடுத்த வாரம் கேட்டால், "கடலப்பருப்பு காயப் போட்டிருக்குது, அள்ளி வெச்சிட்டு வரேன்" என்றாள். அதற்கடுத்த வாரம் தங்கையே ஆட்டோவில் வந்து இறங்கினாள். "அம்மா பொட்டிய எடுத்துக்கினு வரச் சொல்லிச்சுக்கா" என்றாள். பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

என் தங்கை முன்பெல்லாம் எப்படி இருந்தவள் தெரியுமா? அன்றன்றைக்கு ஷாம்பு பாக்கெட்டைத் தெருமுனைக் கடையில் ஒற்றையாகக் கிழித்து வாங்குகிறவள். அவளுக்குத்தான் ஒரு நாள் டீத்தூள் பாக்கெட்டுக்குள் ஒரு கூப்பன் கிடைத்தது. அதைக் கொடுத்து அடுத்த பாக்கெட்டைப் பாதி விலைக்கு வாங்கினாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். டீக்கடையில் படித்துப் போட்ட பேப்பரைக் கேட்டு வாங்கி வந்து கூப்பனை வெட்டுவாள். போனில் எந்தக் கடையின் செயலியில் எந்தக் கிழமை என்ன தள்ளுபடி என்று விரல்நுனியில் வைத்திருப்பாள். பாயிண்ட் சேர்ந்தால் அதற்கும் ஏதாவது வாங்குவாள்.

சும்மா சொல்லக் கூடாது, புத்தியோடுதான் செய்தாள். இதைச் சொல்லும்போதே எனக்கு நாக்கு கசக்கிறது. வீட்டில் சாப்பிடாத சாமானைச் சும்மா கொடுத்தாலும் தொட மாட்டாள். தேதி பார்க்காமல் கூடையில் போட மாட்டாள். அந்தத் தேதிக்குள் தின்று தீர்க்க முடியாததை வாங்க மாட்டாள். புதியதைப் பின்னால் வைத்து பழையதை முன்னால் இழுத்து வைப்பாள். ஆட்டோ ஓடுகிற மாதம் அலமாரி நிறையும், ஓடாத மாதம் அலமாரியிலிருந்து உலை ஏறும். கருட சேவைக் கூட்டத்தில் ஆட்டோ தெருவை விட்டு நகர முடியாமல் நின்ற நாட்களில்கூட அவள் யாரிடமும் கைமாற்று கேட்கவில்லை.

வாங்குவது அவள், காப்பாற்றுவது அம்மா. பருப்பை வெயிலில் காய வைப்பது, அரிசியில் வேப்பிலை போடுவது, ரவையை வறுத்து ஆறவைத்துக் கொட்டுவது எல்லாம் அம்மா. சாவிக்கொத்து ஒன்றுதான் இடுப்பில் இல்லை. அந்த வீட்டில் ஒரு கைப்பிடி உளுந்து எடுப்பதென்றாலும் என் தங்கை, "அம்மா, எடுத்துக்கட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறாள். என் கண்ணால் பார்த்தேன். எனக்கு என்னவோ அதை அவள் எனக்காகவே நடித்துக் காட்டியது போலத்தான் இருந்தது.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு கல்யாண வீட்டுக்கு பிளவுஸ் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தேன். சூப்பர் மார்க்கெட் வாசலில் கூட்டம் தெருவரை நின்றது. கடலை எண்ணெய் டின் பாதி விலை என்று பேனர் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், 'ஒரு குடும்பத்துக்கு ஒன்றுதான்.' நானும் ஒன்று வாங்கலாமே என்று வண்டியை நிறுத்தினேன். கண்ணாடிக்கு உள்ளே வரிசையில் என் அம்மா! சர்ச்சுக்குக் கட்டுகிற வெள்ளைப் புடவையோடு, ஆராதனை முடிந்த கையோடு வந்திருக்கிறாள். டின்னைத் தரையில் வைத்துக் காலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு நின்றாள். அவளுக்கு நான்கைந்து பேர் பின்னால் என் தங்கை, இன்னொரு டின்னோடு. இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. யாரோ எவரோ மாதிரி நின்றார்கள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. உட்காரவைத்துச் சோறு போட நான் ஒருத்தி இருக்கும்போது, ஓர் எண்ணெய் டின்னுக்காக என் அம்மாவைக் கால்கடுக்க நிற்கவைத்திருக்கிறாளே! நேராக உள்ளே போனேன். "அம்மா! உன்ன எதுக்குமா இங்க நிக்க வெச்சிருக்கா அவ?" என்று கத்தினேன். கத்தினது கடை முழுக்கக் கேட்டது.

பில் போடுகிற பெண் தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள், வரிசையில் இருந்த என் தங்கையைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே அச்சு, குருடன்கூடச் சொல்லிவிடுவான். "ஆயா, இவங்க உங்க பொண்ணா?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

அம்மா என்னை உச்சியிலிருந்து பாதம்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"யாரும்மா நீ?" என்றாள். "ஆள் மாறி வந்துட்ட போல இருக்குது."

என் தங்கை அங்கே தொங்கிய ஷாம்பு பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தாள். பெற்றவள் கேட்கிறாள், யாரும்மா நீ என்று. ஓர் எண்ணெய் டின்னுக்காக! வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. ஆனாலும் அவளைக் காட்டிக் கொடுக்க மனசு வரவில்லை. "மன்னிச்சுக்குங்கம்மா, வேற யாரோன்னு நெனச்சுட்டேன்" என்று அந்தப் பெண்ணுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வண்டிச் சாவி கையில் இருக்க, அதைத் தரையெல்லாம் தேடினேன்.

விட்டேனா? நேராகத் தங்கை வீட்டுக்குப் போய் வாசலில் உட்கார்ந்தேன். ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். இரண்டு டின், இரண்டு முகத்திலும் சிரிப்பு.

"பெத்த பொண்ண யாருன்னு கேட்டியேம்மா, உனக்கே நல்லா இருக்குதா?" என்றேன்.

"நீ ஏன்டி நடுவுல வந்து குதிச்ச? எவ்ளோ நேரம் நின்னுக்கினு இருந்தேன், எல்லாம் வீணாப் பூடும்ல?" என்றாள் அம்மா. "நான் ஒண்ணும் பொய் சொல்லி வாங்கல. என் ரேஷன் கார்டு கூரத்துல தனியா இருக்குது. நான் தனிக் குடும்பம். எனக்கு ஒரு டின்னு உண்டு."

"உன்ன யாருமா க்யூல நிக்கச் சொன்னது?"

"நான் எங்கக்கா சொன்னேன்?" என்று தங்கை பாய்ந்தாள். "எனக்கு முன்னாடி அது கெளம்பி நிக்குது. பாஸ்டர் ஜெபம் பண்ணிக்கினு இருக்கும்போதே, மணி என்னா, மணி என்னான்னு என் கைய சொரண்டுது."

"சரி, போதும். பொட்டிய எடு, போலாம் வா" என்று அம்மாவின் கையைப் பிடித்தேன்.

அம்மா கையை உருவிக்கொண்டாள். கோபமாக உருவவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. "அங்க வந்து என்னாடி செய்ய? உன் வூட்ல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா காலையில எழுந்தா எப்ப பொழுது போவும்னு பாத்துக்கினு ஒக்காந்திருக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு டின்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

அந்த அலமாரியை வைத்துத்தானே தங்கை அம்மாவை மயக்கினாள்? நானும் ஒரு அலமாரி நிரப்புகிறேன், பார் என்று கிளம்பினேன். செயலி என்று எத்தனை உண்டோ அத்தனையும் போனில் ஏற்றினேன். கண்ணில் பட்ட கூப்பனை எல்லாம் வெட்டினேன். தள்ளுபடி என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தால் போதும், வாங்கினேன். ஓட்ஸ் வாங்கினேன், எங்கள் வீட்டில் யாருக்கும் அது பிடிக்காது. தரை துடைக்கிற திரவம் கேன் கேனாக வாங்கினேன், என் வீட்டுத் தரையே நான்கு எட்டு. பருப்பும் ரவையும் கடலைமாவும் மூட்டையாக வந்து இறங்கின. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இது வூடா, குடோனாம்மா?" என்றார். "உங்களுக்கு என்னா தெரியும்?" என்று அவரை அடக்கினேன்.

வாங்கினதை எல்லாம் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்வேன். "அப்டியா" என்பாள். "தேதி பாத்தியா?" என்பாள். அதற்குமேல் பேச்சு வராது. "வந்து பாரேன்மா" என்றால், "வரேன், வரேன்" என்பாள். பின்னால் என் தங்கை எதற்கோ சிரிப்பது கேட்கும். என்னை நினைத்துத்தான் சிரிக்கிறாள் என்று போனை வைப்பேன்.

சமையலறையில் இடம் போதாமல் மிச்சத்தை முன்அறைக்குக் கொண்டு வந்தேன். தைத்து முடித்த துணிகளை உறை போட்டு மாட்டியிருக்கிற அலமாரியின் அடித்தட்டு காலியாக இருந்தது. அங்கே அடுக்கித் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டேன். பட்டு தொங்குகிற இடத்துக்குக் கீழே பருப்பு மூட்டை. இந்த ஊரில் ஒரு சின்னப் பிள்ளைகூட இதைச் செய்யாது. தறிக்காரர் வீட்டில் பட்டு இருக்கிற பக்கம் ஒரு பிஸ்கட் துண்டைக்கூடக் கொண்டுபோக விட மாட்டார்கள். எனக்கு அன்றைக்கு அந்தப் புத்தி எல்லாம் எங்கே இருந்தது? தங்கை வீட்டு அலமாரியில்தான் இருந்தது.

கல்யாணப் பெண்ணின் அம்மா பிளவுஸ் வாங்க வந்தாள். அரக்கு நிறம், கை முழுக்க ஜரிகை. உறையைப் பிரித்து மடியில் வைத்துத் தடவிப் பார்த்தவள், "இது என்னம்மா ஓடுது?" என்றாள். கறுப்பாக ஒரு வண்டு, ஜரிகை மேலே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே இன்னொன்று. நான் தட்டிவிடக் கை நீட்டினேன். அவள் எழுந்து திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். "பட்டுக்குக் கீழ பருப்பு மூட்டையா? நல்லா இருக்குதும்மா உங்க தொழிலு!" என்றாள். பட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் கொடுத்தேன். ஆனாலும் அவள் போன போக்கைப் பார்த்தால் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போவாள் போலிருந்தது.

அவள் போனதும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ரவையில் புழு. கடலைமாவு நூலாகக் கட்டியிருந்தது. துவரம்பருப்பில் வண்டு. தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு போன் போட்டேன். தங்கைதான் எடுத்தாள். அவளிடம் சொல்ல வேண்டியிருந்ததே, அந்தக் கேவலத்தை என்ன சொல்ல! நான் சொல்லச் சொல்ல அவள் உள்ளே திரும்பிச் சத்தமாக ஒப்பித்தாள். "அக்கா வூட்ல எல்லாம் வண்டு வெச்சிடுச்சாம்மா!" அம்மா என்ன சொன்னாள் என்று என் காதில் விழவில்லை.

காலையில் நான் கடை திறப்பதற்குள் ஆட்டோவில் அம்மா வந்து இறங்கினாள். கக்கத்தில் முறம், கையில் சல்லடை, பையில் வண்டு அண்டாமல் போட வேப்பிலையும் காய்ந்த மிளகாயும். உள்ளே வந்து ஒரு சுற்றுப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"அறிவு இருக்குதாடி உனக்கு? கல்யாணப் பட்டு மாட்டற எடத்துல கொண்டாந்து கொட்டி வெச்சிருக்கியே! எடு எல்லாத்தையும். மாடிக்கு ஏத்து. பழைய பொடவ ரெண்டு குடு, விரிக்க. அப்டியே நின்னுக்கினு இருக்கியே, போ!"

நான் ஓடினேன். அவள் சொல்லச் சொல்ல மூட்டைகளைச் சுமந்து ஏறினேன், இறங்கினேன். நாள் முழுக்கத் திட்டினாள். ஓட்ஸைக் கையில் அள்ளிப் பார்த்து, "இது மாட்டுக்கா வாங்கன?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். நான் கீழே வாடிக்கையாளருக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து முறத்தின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தெருவில் போகிற யாரோ விசாரித்ததற்கு, "எம் பொண்ணு வூடுதாம்மா. அத்தனையும் கெடுத்து வெச்சிருக்கா, நான்தான் பாக்க வேண்டியிருக்குது" என்று மேலிருந்தே கத்திப் பதில் சொன்னாள். ஒக்காரும்மா என்று சொல்ல எனக்கு அன்றைக்கு ஒருமுறைகூட வாய் வரவில்லை.

மத்தியானம் இறங்கி வந்தாள். உடம்பெல்லாம் தூசி. "பசிக்குதுடி, சோறு போடு" என்றாள். என் வீட்டில் இருந்த அத்தனை மாதத்தில் அவள் கேட்டுச் சாப்பிட்டதே இல்லை. வைத்தால் சாப்பிடுவாள், வைக்காவிட்டால் காத்திருப்பாள். இரண்டாம் தரமும் குழம்பு ஊற்றினேன்.

"இங்கயே இருந்துடேன்மா" என்றேன்.

தட்டிலேயே கை கழுவினாள். "ஞாயித்துக்கெழம நான் அங்க இருக்கணும்டி. சர்க்கர ஆஃபர் போடறான்."

"அப்ப சர்க்கரைக்காகத்தான் போற?"

"ஆமா" என்றாள் கொஞ்சமும் கூசாமல். "சின்னவளால தனியா ரெண்டு வாங்க முடியாதுல்ல?"

சின்னவளால முடியாது. பெரியவளால எல்லாம் முடியும். அப்படியே நெஞ்சில் கொள்ளி வைத்தது மாதிரி இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பொழுது சாய்வதற்குள் தேறியதையெல்லாம் புடைத்து, சலித்து, டப்பாக்களில் கொட்டி, சமையலறைத் தட்டில் அடுக்கி முடித்துவிட்டாள். தேறாததைக் கோழி வளர்க்கிற பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். முறத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தெருவில் வந்த ஓர் ஆட்டோவை நிறுத்தி ஏறினாள். திரும்பிப் பார்ப்பாள் என்று வாசலிலேயே நின்றேன். பார்க்கவில்லை, ஆட்டோக்காரரிடம் ஏதோ பேரம் பேசிக்கொண்டே போனாள்.

ராத்திரிச் சமையலுக்கு உளுந்து டப்பாவை எடுத்தேன். திருகு மூடி, என்னால் திறக்கவே முடியவில்லை. கடலைப்பருப்பு டப்பாவும் அப்படித்தான், பச்சைப்பயறும் அப்படித்தான், அவ்வளவு இறுக்கம். வயலில் வேலை செய்த கை அல்லவா. கடைசியாகத் துவரம்பருப்பை எடுத்தேன். அதன் மூடி திருகாமல், சும்மா மேலே வைத்திருந்தது. என் கை பட்டதும் நழுவிக் கீழே விழுந்தது. உள்ளே வேப்பிலையும் இல்லை, மிளகாயும் இல்லை.

மறந்துவிட்டாளா? இவளா? வண்டு வைத்ததற்கு நாள் முழுக்க என்னைத் திட்டினவளா?

தங்கைக்குப் போன் போட்டேன். "ஏன்டி, உன் வூட்ல அம்மா டப்பாவெல்லாம் ஒழுங்கா மூடி வெக்குதா?" என்று கேட்டேன்.

"நீ வேற! அது மூடி வெச்சா எங்க வூட்டுக்காரர் வந்துதான்கா தொறக்கணும். ஒண்ணுகூட லூசா விடாது. ஏன் கேக்குற?"

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட விடாதுக்கா. என்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல, சும்மாதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டேன். கீழே விழுந்த மூடியை எடுத்துத் துடைத்தேன். வண்டு வரட்டும் என்று, அம்மா வைத்திருந்தது போலவே திருகாமல் டப்பாவின் மேல் வைத்துவிட்டு, வெறும் ரசத்துக்குப் புளியைக் கரைத்தேன்.